புதுத் தட்டைத் துடைக்க வேண்டுமா?



போன மாதம் பாரிஸிலிருந்து பேத்தி வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து சாக்லேட்டையும் சீஸையும் பாட்டி கையில் கொடுத்த பிறகு, துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்த ஓர் இசைத்தட்டை எடுத்தாள். பழையது இல்லை, புத்தம் புதிய எல்.பி. தட்டு. அட்டைமேல் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அங்கே இளைஞர்கள் மறுபடியும் இசைத்தட்டு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் வீட்டுக் கூடத்திலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

தாளைக் கிழித்தாள், தட்டை உருவினாள், நேராக என் பழைய பிளேயரில் வைக்கப் போனாள்.

"இரு கண்ணு, துடைக்காம போடாதே" என்றேன்.

"புதுசுதானே தாத்தா! ஃபாக்டரியிலேர்ந்து வந்து இப்பத்தான் பிரிச்சிருக்கேன். இதுல என்ன அழுக்கு இருக்கப்போவுது?"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "புதுப் பானை வாங்கினா கழுவாமயா உலை வைக்கிறோம்?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு மட்டும் சட்டென்று பதில் வரவில்லை. காரணம், துடைத்து ஒரு தட்டைக் கெடுத்தவன் நான். துடைக்காமல் இன்னொரு தட்டைக் கெடுத்தவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் பதின்மூன்று ஆண்டுகள். அந்த இரண்டு கதைகளையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் இந்தப் பதிவில் சொல்கிறேன்.

முதல் கதை 1961-ல் நடந்தது. என் பெரியப்பா சொல்தா. சைகோனில் பல வருடம் இருந்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது ஒரு சாவி கொடுக்கும் கிராமபோனும் பத்துப் பன்னிரண்டு தட்டுகளும் கொண்டுவந்தார். அவற்றில் அவருக்கு உயிர் தினோ ரோஸியின் ஒரு தட்டு. கோர்சிகாவில் பிறந்த அந்தப் பாடகரின் குரல் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த இடமெல்லாம் ஒலித்தது. கிராமபோனுக்கு ஊசி மாற்றும் வேலை எனக்கு. ஒரு பக்கம் பாடி முடிந்ததும் எஃகு ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, டப்பாவிலிருந்து புது ஊசி போட வேண்டும். அதைப் பெருமையாகச் செய்து வந்தேன்.

அந்த வருடம் 14 ஜூலை விழாவுக்குப் பெரியப்பாவின் பழைய சகாக்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. தட்டுகளைப் பளபளப்பாக்கி வைத்தால் பெரியப்பா சந்தோஷப்படுவார் என்று எனக்குத் தோன்றியது. சொல்தா வீடுகளில் ஓ-தெ-கோலோன் பாட்டில் இல்லாத அலமாரி உண்டா? கைக்குட்டையில் தாராளமாக ஊற்றி, தினோ ரோஸியின் ஒரு பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது. எவ்வளவு அழுக்கு பார் என்று முதலில் நினைத்தேன். பிறகு தட்டைப் பார்த்தால் பளபளப்பு போய், சாம்பல் பூத்தது போல இருந்தது.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தபின் அந்தப் பக்கத்தைப் போட்டார் பெரியப்பா. தகரக் கூரையில் மழை பெய்வது போல இரைச்சல். அதற்குள்ளே எங்கோ தூரத்தில் பாட்டு. என் முகத்தைப் பார்த்தார், கைக்குட்டை வாசனையும் அவருக்கு எட்டியிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. தட்டைத் திருப்பி மறு பக்கத்தைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் காலமாகும் வரை அந்தத் தட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்டார்.

நான் அன்று துடைத்து எடுத்தது அழுக்கு அல்ல, தட்டையேதான். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. பலாசு, இலந்தை, கூசம் போன்ற மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சோட்டா நாக்பூர் பக்கம் அதிகம் கிடைக்கும். உலகம் முழுவதும் சுழன்ற தட்டுகளுக்கு இந்திய அரக்குதான் பெரும்பாலும் போயிற்று. கல்கத்தாவில் 1902-ல் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தார். 1908-ல் அதே ஊரில் சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை வந்தது. அரக்கு விளையும் நாட்டிலேயே தட்டு அச்சடிப்பதில் லாபம் இருந்தது.

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். நம் ஊர்த் தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து மேஜை நாற்காலிக்கு பிரெஞ்சு பாலிஷ் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓ-தெ-கோலோன் பெரும்பங்கு சாராயம்தான். நானும் பார்த்தவன்தான், ஆனால் பதினோரு வயதில் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரக்குத் தட்டில் அரக்கு ஒட்டும் பொருள் மட்டுமே. மீதியில் பெரும்பங்கு கற்பொடி, கூடவே கரியும் பஞ்சு இழையும். கற்பொடி சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. புது எஃகு ஊசியின் முனை தட்டின் பள்ளத்துக்குப் பொருந்தாது. தட்டு முதல் சில சுற்றுகளிலேயே ஊசியைச் சாணை பிடித்துத் தனக்கு ஏற்றபடி தேய்த்துக்கொள்ளும். பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற விதி அதனால் வந்தது. தட்டே உப்புத்தாள் போல இருக்கும்போது, மேலே படிந்த கொஞ்சம் தூசியை யார் கவனிப்பார்கள்? நூறு கிராமுக்கு மேல் கனமுள்ள ஒலிப்பெட்டி ஊசியை அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் உழுது தள்ளிவிடும். இரைச்சல் அந்தத் தட்டோடு கூடவே பிறந்தது. அதனால் அந்தத் தலைமுறைக்கு, புதுத் தட்டைக் கழுவுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. காய்ந்த துணியால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

பிரான்சில் மட்டும் சற்று வேறு வழி இருந்தது. பாத்தே சகோதரர்களின் தட்டுகளில் எஃகு ஊசி கிடையாது. உருண்டை முனையுள்ள நீலக்கல், அதை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டியதில்லை. மற்றத் தட்டுகளில் ஊசி பக்கவாட்டில் ஆடும், பாத்தே தட்டில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். ஒலி முழுவதும் பள்ளத்தின் அடித்தரையில் இருந்தது. தூசி போய்த் தங்குவதும் அந்தத் தரையில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை வரும்.

அரக்கின் காலத்தை முடித்துவைத்ததில் இரண்டாம் உலகப் போருக்குப் பங்கு உண்டு. கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது, ராணுவத்துக்கும் அரக்கு தேவைப்பட்டது. 1942-ல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. 1943 முதல் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அனுப்பிய 'வி-டிஸ்க்' என்ற தட்டுகளில் வினைல் என்ற பிளாஸ்டிக் வந்தது. அது எளிதில் உடையாது, எடையும் குறைவு. 1948 ஜூனில் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. பன்னிரண்டு அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். இதில் இருபது நிமிடத்துக்கு மேல்.

இந்தத் தட்டுக்குப் பிரெஞ்சில் 'மிக்ரோசியோன்' என்று பெயர். 'சியோன்' என்றால் உழவுச்சால். நுண்ணிய சால் உடைய தட்டு என்று பொருள். பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விஷயத்தின் சூட்சுமமும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 78 சுற்றுத் தட்டின் சால் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் அகலம். எல்.பி.யின் சால் அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஒரு தலைமுடியின் பருமன். இருபது நிமிடப் பக்கம் ஒன்றில் அந்தச் சாலை நீட்டி வைத்தால் 400 மீட்டருக்கு மேல் போகும். அதன் சுவர்களில்தான் இசை முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது.

ஊசியை அழுத்தும் எடை ஆரம்பத்தில் 6 கிராம் அளவுக்கு வந்து, பின்னாளில் நல்ல கருவிகளில் 2 கிராமுக்கும் இறங்கியது. 2 கிராம் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் வைர முனை சுவரைத் தொடும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அந்த எடையை அந்த இடத்தால் வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தம் வரும். நடுவில் ஒரு மணல் துகள் அகப்பட்டால் என்ன ஆகும்? வினைலில் கற்பொடி இல்லை, அது மெத்தென்ற பொருள். துகள் சுவருக்குள் இறங்கிவிடும். அந்தக் காயம் ஆறாது.

என் இரண்டாவது கதை இங்கே வருகிறது. 1974. வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் பணம் மிச்சம் பிடித்து, சூட்கேஸ் போல மூடித் திறக்கும் ஒரு பிளேயரும், ஒரு வீணைக் கச்சேரி எல்.பி.யும் வாங்கினேன். தினோ ரோஸி விவகாரம் மனத்தில் இருந்ததால், இனி எந்தத் தட்டையும் துடைப்பதில்லை என்று வைராக்கியம். அக்கம்பக்கத்தவர் ஏழெட்டுப் பேர் கேட்க வந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகத் தட்டை உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். மேலே மின்விசிறி, பக்கத்தில் தெருவைப் பார்த்த ஜன்னல். காபி குடித்து முடிய அரைமணி நேரம். பிறகு அப்படியே தூக்கிப் போட்டேன்.

வீணை ஆலாபனையில் ஒரு தந்தி அதிர்ந்து அடங்கும்போது வரும் நிசப்தம்தான் அழகு. அந்த நிசப்தத்தில் எல்லாம் 'டக்', 'டக்' என்று சத்தம். மறுநாள் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். சில சத்தங்கள் போயின. மற்றவை அதே ராகத்தில் அதே இடத்தில் வந்துகொண்டே இருந்தன, இன்றும் வருகின்றன. முதல் தடவை ஓடியபோதே துகள்கள் சுவரைக் குத்திவிட்டன. முதல் ஓட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் அந்தத் தட்டு பிழைத்திருக்கும்.

வினைலுக்கு இன்னொரு குணமும் உண்டு. தேய்த்தால் மின்னேற்றம் பெறும். சீப்பால் தலைவாரிவிட்டுக் காகிதத் துண்டுகளின்மேல் காட்டினால் ஒட்டிக்கொள்ளுமே, அதே கதை. உறையிலிருந்து உருவுவதே போதும், சுற்றியுள்ள தூசியைத் தட்டு இழுத்துக்கொள்ளும். காய்ந்த துணியால் பரபரவென்று தேய்த்தால் இன்னும் மோசம்.

1950-களில் இங்கிலாந்தில் செசில் வாட்ஸ் என்பவர் இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். அவருடைய 'டஸ்ட் பக்' பலருக்கு நினைவிருக்கலாம். பிளேயரின் ஓரத்தில் நிற்கும் ஒரு சின்னக் கை, அதன் நுனியில் மெல்லிய தூரிகையும் பட்டு போன்ற உருளையும். ஊசி வருமுன் அது சாலைப் பெருக்கிக்கொண்டே போகும். வாட்ஸ் புதுத் தட்டையும் பழைய தட்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். புதுத் தட்டுக்கென்று தனியாக, உள்ளே லேசாக ஈரம் வைத்த ஒரு வெல்வெட் உருளை செய்தார். மின்னேற்றம் இறங்கும் அளவுக்கு மட்டும் ஈரம், அதற்குமேல் ஒரு சொட்டும் கூடாது. அழுக்கேறிய பழைய தட்டுக்கு அழுத்தித் துலக்கும் வேறு கருவி. புதிதாக இருக்கும்போதே பழக்கப்படுத்தினால் கழுவும் நிலைமையே வராது என்பது அவர் கட்சி.

1958-ல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தபின் தொல்லை கூடியது. ஸ்டீரியோவில் ஊசி பக்கவாட்டிலும் ஆடும், மேலும் கீழும் ஆடும். பாத்தே காலத்துக்குப் பிறகு சாலின் ஆழத்தில் நடப்பது மறுபடியும் காதில் விழத் தொடங்கியது. அடியில் கிடக்கும் தூசியின் மேல் ஊசி ஏறி இறங்குவதும் சேர்ந்து கேட்டது. லண்டன் 'கிராமபோன்' பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் பெர்சி வில்சன் 1960-களில் இதை ஆராய்ந்தார். துடைப்பதால் மட்டும் போதாது, ஈரத்தில் கரைந்த அழுக்கை அது காய்வதற்குள் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றார். அந்த வழியில் கீத் மாங்க்ஸ் செய்த இயந்திரத்தை பி.பி.சி. வாங்கியது. தட்டின்மேல் நீர்க்கலவையைப் பரப்பி, ஒரு சிறு குழல் அதைச் சால் சாலாக உறிஞ்சும். குழலுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு நூல் மட்டும்.

சரி, தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த தட்டில் அழுக்கு எப்படி வந்தது? பேத்தி கேட்டதும் அதைத்தானே?

சூடேறி இளகிய வினைல் உருண்டையை இரண்டு நிக்கல் அச்சுகளுக்கு நடுவில் வைத்து, நூறு டன் அளவு அழுத்தி, உடனே குளிரவைத்து எடுக்கிறார்கள். அரை நிமிட வேலை. அச்சிலிருந்து எளிதாகக் கழல எண்ணெய் பூசுகிறார்கள், அதைக் கழுவியே ஆக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். முறுக்கு அச்சில் எண்ணெய் தடவுவது போல என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் மசகுப் பொருளைக் கொஞ்சமாக வினைல் கலவையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். முறுக்கு மாவில் வெண்ணெய் போட்டுப் பிசைவோமே, அதுதான் சரியான உவமை. ஆகவே எண்ணெய்க்குப் பயந்து கழுவ வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று, தட்டின் விளிம்பில் பிதுங்கிய மிச்சத்தை அறுக்கும்போது தெறிக்கும் தூள். இரண்டு, காகித உறை. மின்னேறிய தட்டைக் காகிதத்துக்குள் செருகினால் காகித இழைகள் ஒட்டிக்கொள்ளும். கப்பலிலும் லாரியிலும் ஆடி ஆடி வரும்போது இன்னும் கொஞ்சம் உதிரும். பிளாஸ்டிக் தாள் சுற்றியிருப்பதால் வெளித் தூசி உள்ளே போகாது, சரி. உள்ளே இருக்கும் தூசியும் வெளியே போகாதே.

ஆகவே என் தீர்ப்பு இது. புதுத் தட்டை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டாம், ஆனால் பார்க்காமல் போடவும் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தட்டு சுழலும்போது மெல்லிய இழைத் தூரிகையைச் சால் போகும் திசையிலேயே லேசாக வைத்து, இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் வெளிப்பக்கமாக இழுத்து எடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். கைரேகையோ, திட்டோ, போகாத தூளோ தெரிந்தால் மட்டும் கழுவுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் உப்பு சாலிலேயே தங்கிவிடும். கடையில் பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீர் போதும். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது. வெயிலில் காயவைத்தால் தட்டு அப்பளம் போல வளைந்துவிடும், நிழலில் நிறுத்தி வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் உறையில் போடுங்கள். கடற்காற்றில் ஈரம் இருப்பதால் நமக்கு மின்னேற்றத் தொல்லை சற்றுக் குறைவு, பூஞ்சைத் தொல்லை அதிகம்.

பரணில் பழைய கனத்த 78 சுற்றுத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்பிரிட், ஓ-தெ-கோலோன், மருத்துவமனை வாசனை வரும் எதுவும் பக்கத்திலேயே போக வேண்டாம்.

அன்று பேத்தியும் நானும் சேர்ந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கறுப்புத் தட்டின் மேல் வெள்ளை இழைகள், எண்ணினால் பதினைந்து இருபது இருக்கும். "தாத்தா, நிஜமாவே இருக்கு!" என்றாள். தூரிகையால் எடுத்தோம், போட்டோம். அவள் பாட்டு எனக்குப் புரியவில்லை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அலமாரியில் இருந்த பழைய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தினோ ரோஸி கையில் வந்தது. ஒரு பக்கம் கண்ணாடி போல, மறுபக்கம் சாம்பல் பூத்து. விரலால் தொடப் போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"இதைக் கழுவினா சரியாயிடுமா தாத்தா?"

"ஆவாது கண்ணு. மறு பக்கத்தைப் போடு" என்றேன்.